400 டாலர் ரிபேட், 36 மாதக் கட்டு: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

1999-ன் நடுவில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கடைகளின் விளம்பரத் தாள்களில் ஒரு வாசகம் பெரிய எழுத்தில் வர ஆரம்பித்தது: கம்ப்யூட்டர் இலவசம், அல்லது கிட்டத்தட்ட இலவசம். மீதிக் கதை கீழே, கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கும். கம்ப்யூசர்வ் அல்லது எம்எஸ்என் நிறுவனத்தின் டயல்-அப் இணைப்பை (டெலிபோன் லைன் வழியாக எண்ணைச் சுழற்றி இணையத்தில் சேர்வது) மூன்று வருடத்துக்கு வைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால் 400 டாலர் ரிபேட், அதாவது விலைக் கழிவு. சந்தா மாதம் 21.95 டாலர். இமெஷின்ஸ் கம்பெனியின் அடிமட்ட மாடல் 399 டாலர் என்பதால், கழித்தால் விலை பூஜ்யம்.

டயல்-அப் காலம் மலையேறிவிட்டது. அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்கூட 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு அந்தச் சேவையை மூடிவிட்டது. ஆனால் கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு மாதக் கட்டணத்தில் வசூலிக்கும் முறை அப்படியே இருக்கிறது. அந்தப் பழைய ஒப்பந்தத்தில் எலும்பெல்லாம் வெளியே தெரிவதால், பழகுவதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆண்டு 2000, விளம்பரத் தாள் கையில், கடைக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் கணக்கு: 10.84

எல்லோரும் முதலில் போடும் கணக்கு 36 × 21.95 = 790.20. நானூறு கொடுத்து எண்ணூறு வாங்குகிறான், சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம் என்று தாளை மடித்து வைத்துவிடத் தோன்றும். அது அவசரத் தீர்ப்பு. அந்த 790 டாலருக்கு மூன்று வருட இணைய இணைப்பும் கிடைக்கிறது. எப்படியும் இணையத்துக்கு யாருக்காவது பணம் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், முழுத் தொகையையும் நஷ்டத்தில் எழுத முடியாது.

சரியான கணக்கு இப்படி. 400-ஐ 36-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 11.11 டாலர். இதை 21.95-இலிருந்து கழித்தால் 10.84. இந்த எண்தான் எல்லைக்கோடு. ரிபேட் இல்லாமல் இருந்தால் நீங்கள் எடுக்கக்கூடிய இணைப்புக்கு மாதம் 10.84 டாலருக்கு மேல், 36 மாதமும் விடாமல், கட்டியிருப்பீர்கள் என்றால் ஒப்பந்தம் லாபம். அதற்குக் கீழே என்றால் நஷ்டம்.

மூன்று பேரை வைத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே மாதம் 19.95 டாலர் கட்டிக்கொண்டிருப்பவர் இங்கே மாறினால் மாதம் 2 டாலர் கூடுதல், 36 மாதத்தில் 72 டாலர். கையில் வருவது 400. ஆக 328 டாலர் மிச்சம். மாதம் 10 டாலருக்குக் கிடைக்கும் சின்ன நிறுவனத்தின் இணைப்பே போதும் என்பவருக்குக் கூடுதல் மாதம் 11.95, மொத்தம் 430.20. அவர் 400 டாலரைக் கடனாக வாங்கி மூன்று வருடத்தில் 430.20-ஆகத் திருப்பிக் கட்டுகிறார். வட்டி ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு, கிரெடிட் கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் மலிவுதான். மூன்றாவது ஆள், விளம்பரம் காட்டி இலவசமாக இணைப்புத் தரும் நெட்ஸீரோ போன்ற சேவையே போதும் என்பவர். அவருக்கு மாதம் 21.95 முழுதும் கூடுதல் செலவு. 400 டாலர் கடனுக்கு அவர் கட்டும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 சதவீதம். கந்துவட்டி என்று தாராளமாகச் சொல்லலாம்.

விளம்பரத் தாள் மூவருக்கும் ஒன்றுதான். ஆகவே இது நல்ல சலுகையா என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயனில்லை. உங்கள் மாற்று வழியின் மாதச் செலவு அவருக்குத் தெரியாது.

கல்லாவில் எவ்வளவு?

இலவசம் என்று போட்டிருந்தாலும் வெறுங்கையோடு போக முடியாது. 399 டாலர் பெட்டியில் பெரும்பாலும் மானிட்டர் சேராது. விளம்பரப் படத்தில் மானிட்டர் இருக்கும், பக்கத்தில் ‘தனியாக விற்கப்படும்’ என்ற பொடி எழுத்தும் இருக்கும். அடுத்து விற்பனை வரி. ரிபேட் தொகையை இணைய நிறுவனம் கடைக்குக் கொடுப்பதால், பல மாநிலங்களில் வரி ரிபேட்டுக்கு முந்தைய முழு விலைமேல் விழும். 6 சதவீத வரி என்றால், கைக்கு வராத அந்த 400 டாலருக்கே 24 டாலர் வரி.

ஒரு மாதிரிக் கணக்கு: கம்ப்யூட்டர் 399, மானிட்டர் 150, கூட்டினால் 549. அதற்கு 6 சதவீத வரி 32.94. ஆகமொத்தம் 581.94. இதில் 400 கழித்தால் கல்லாவில் கட்டுவது 181.94. சந்தா 790.20-ஐயும் சேர்த்தால் மூன்று வருட மொத்தம் 972.14. இந்தக் கடைசி எண்ணைத்தான் தாளில் எழுதி, மாற்று வழியின் மூன்று வருட மொத்தத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மாற்று வழி மாதம் 10 டாலர் என்றால் அது 581.94 + 360 = 941.94.

பெட்டிக்குள் இருப்பதையும் பாருங்கள். இந்த விலைக்கு வரும் கம்ப்யூட்டரில் 32 எம்பி மெமரி இருந்தால் அதிலேயே திரைக்கும் ஒரு பங்கு போய்விடும். மோடம், அதாவது கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு சேர்க்கும் கருவி, பெரும்பாலும் ‘வின்மோடம்’ வகை: வேலையின் பெரும்பகுதியைப் பிராசஸரின் தலையில் கட்டிவிடும். கனமான புரோகிராம் ஒன்றைத் திறந்தால் இணைப்பு அறுவதற்கு அதுவும் ஒரு காரணம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட நினைப்பவருக்கு அந்த மோடம் பெரும்பாலும் உதவாது. உத்தரவாதம் ஒரு வருடம், சந்தா மூன்று வருடம். பதின்மூன்றாம் மாதம் மதர்போர்டு போனாலும் மீதி 23 மாதச் சந்தா நிற்காது.

உள்ளூர் எண்: இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்

டயல்-அப்பில் உண்மையான ஆபத்து சந்தாவில் இல்லை, டெலிபோன் பில்லில் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு டெலிபோனுக்குப் பெரும்பாலும் உள்ளூர் அழைப்பு எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம். மோடம் கூப்பிடும் எண் உள்ளூர் வட்டத்துக்கு வெளியே இருந்தால் நிமிடத்துக்குக் காசு. நிமிடம் 5 சென்ட் என்றால் மணிக்கு 3 டாலர். மாதம் 20 மணி நேரம் உபயோகித்தால் 60 டாலர், மூன்று வருடத்தில் 2,160 டாலர். 400 டாலர் ரிபேட் ஏழாவது மாதத்திலேயே கரைந்துவிடும்.

இதைச் சரிபார்க்க நான்கு வேலைகள் உண்டு, நான்கையும் கடைக்குப் போவதற்கு முன்பே முடிக்க வேண்டும்.

1. இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு, உங்கள் ஊருக்கான இணைப்பு எண்கள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எண்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மாலை நேரத்தில் அது பிஸியாக இருக்கும்போது போக்கிடம் இல்லை.

2. அடுத்து உங்கள் டெலிபோன் கம்பெனியைக் கூப்பிடுங்கள். உங்கள் எண்ணையும் அந்த இணைப்பு எண்ணையும் சொல்லி, இதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இணைய நிறுவனம் சொல்லும் ‘உள்ளூர்தான்’ என்ற பதிலை நம்ப வேண்டாம். பில் போடுவது அவர்கள் இல்லை. ஏரியா கோடு ஒன்றாக இருப்பதும் சான்று ஆகாது. ஒரே ஏரியா கோடுக்குள் தனிக் கட்டணம் விழும் அழைப்புகள் உண்டு. மாநிலத்துக்குள் கூப்பிடும் அந்த அழைப்பு, வேறு மாநிலத்துக்குக் கூப்பிடுவதைவிட விலை கூடவும் இருக்கலாம்.

3. சாதாரண டெலிபோனிலேயே இரவு எட்டு மணிக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். கீச்சென்ற மோடம் சத்தம் வந்தால் சரி. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பிஸி என்றால் மூன்று வருடமும் அப்படித்தான்.

4. இலவச டிரையல் சிடி கடைக்குக் கடை கொட்டிக் கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டரோ நண்பரின் கம்ப்யூட்டரோ கிடைத்தால் அதில் போட்டு, உங்கள் வீட்டு லைனில் என்ன வேகம் வருகிறது என்று பாருங்கள். முடிந்ததும் டிரையலை மறக்காமல் ரத்து செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றி: பெட்டியில் 56கே (விநாடிக்கு 56 கிலோபிட்) என்று இருந்தாலும் அமெரிக்காவில் சிக்னல் சக்திக்கு உள்ள வரம்பால் இறக்கும் வேகம் 53.3-ஐத் தாண்டாது. அனுப்பும் வேகம் 33.6-க்குள். நல்ல லைனில் 40 முதல் 50 வரை வந்தால் திருப்தி அடையலாம். 44 வந்தால் 10 எம்பி ஃபைல் ஒன்று இறங்க அரை மணி நேரம் ஆகும். எத்தனை தடவை முயன்றாலும் 28-ஐத் தாண்டவில்லை என்றால் குற்றம் மோடத்தில் இல்லாமல் இருக்கலாம். 56கே மோடம்கள் பின்பற்றும் வி.90 முறைக்கு டெலிபோன் பாதையில் அனலாக்-டிஜிட்டல் மாற்றம் ஒரே ஒரு இடத்தில்தான் நடக்க வேண்டும். ஒரே கம்பியில் இரண்டு வீட்டுக்கு லைன் கொடுக்கும் கருவியைத் தெருவில் வைத்திருந்தால் மாற்றம் இரண்டு தடவை நடக்கும், வேகம் படுத்துவிடும். இதை இணைய நிறுவனத்தால் சரிசெய்ய முடியாது. சந்தாவைக் குறைக்கவும் மாட்டார்கள்.

இணைந்த பிறகு கால் வெயிட்டிங் மணி வந்து இணைப்பை அறுக்கிறதா? டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் *70, என்று கமாவோடு சேர்த்துப் போடுங்கள். கமா என்பது மோடத்துக்கு இரண்டு விநாடி பொறு என்ற உத்தரவு. பல்ஸ் டயல் லைன் என்றால் 1170. கால் வெயிட்டிங் இல்லாத லைனில் இதைப் போட்டால் அழைப்பே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாஃப்ட்வேர் தானாக எண் தேர்ந்தெடுப்பதும் ஒரு பொறி. முதல் எண் பிஸி என்றால் பட்டியலில் அடுத்ததற்குப் போகும். அடுத்தது வெளியூராக இருக்கலாம். உள்ளூர் என்று உறுதியான எண்களைத் தவிர மற்றதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டணமில்லா எண்ணைக் காட்டுகிறார்களே என்று சந்தோஷப்படாதீர்கள். கூப்பிடுவது இலவசமாக இருந்தாலும் இணைய நிறுவனம் அதற்குத் தனியாக நிமிடக் கணக்கில் வசூலிப்பது வழக்கம்.

ஒப்பந்தத் தாளில் தேட வேண்டியவை

கடையில் கையெழுத்து வாங்கும்போது பின்னால் நாலு பேர் நிற்பார்கள். தாளை முதல் நாளே வாங்கி வந்து வீட்டில் படிப்பது உத்தமம். கொடுக்க மறுக்கும் கடையில் ஒப்பந்தம் வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது ரத்து விதி. 400 டாலர் முழுதும் திரும்பக் கேட்பார்களா, மீதி மாதங்களின் விகிதத்திலா, அதற்கு மேல் ரத்துக் கட்டணம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதற்கு 2000 ஜனவரியில் நடந்தது சாட்சி. கலிஃபோர்னியாவிலும் ஓரிகனிலும் எம்எஸ்என் ரிபேட்டை வாங்கிக்கொண்டு, அபராதம் இல்லாமல் சந்தாவை உடனே ரத்து செய்ய வழி இருந்தது. செய்தி பரவிக் கடைகளில் கூட்டம் மொய்த்ததும் அந்த இரண்டு மாநிலங்களிலும் சலுகையை நிறுத்தினார்கள்.

அடுத்து, மாதக் கட்டணம் 36 மாதமும் மாறாது என்ற உறுதி இருக்கிறதா என்று பாருங்கள். ‘அப்போதைய கட்டணம்’ என்று எழுதியிருந்தால் 21.95 என்பது இன்றைக்கு மட்டும். வீடு மாறினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். புது ஊரில் உள்ளூர் எண் இல்லாவிட்டாலும் கட்டு அவிழாது என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

36 மாதம் பதிவு செய்த நாளிலிருந்து ஓடும், முதலில் இணைந்த நாளிலிருந்து அல்ல. பண்டிகைக்குப் பரிசாகக் கொடுக்க முன்கூட்டியே வாங்கிப் பரணில் வைத்தால் மாதம் 21.95 வீணாகும்.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தால் சந்தா தானாக ரத்தாகும் என்று நினைப்பதுதான் அதிகம் பேர் விழும் குழி. கடை வேறு, இணைய நிறுவனம் வேறு. கடை ரிபேட்டைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். சந்தாவை நீங்களே தனியாக ரத்து செய்து, ரிபேட் தொகை கடை வழியாகத் திரும்பிவிட்டது என்பதற்கு ரசீதும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அதே 400-ஐ இரண்டு பக்கமும் இழப்பீர்கள்.

விளம்பரம் இந்த விஷயங்களை எவ்வளவு மறைத்தது என்பது பதிவில் இருக்கிறது. மலிவுக் கம்ப்யூட்டர் விளம்பரங்களில் உண்மையான செலவையும் நிபந்தனைகளையும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்ற, நுகர்வோர் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டில் ஆஃபிஸ் டிப்போ, பை.காம், வேல்யூ அமெரிக்கா ஆகிய மூன்று விற்பனை நிறுவனங்களும் 2000 ஜூனில் சமரசம் செய்துகொண்டன.

ரிபேட் தபாலில் வருமென்றால்

கல்லாவிலேயே கழித்தால் தலைவலி இல்லை. தபாலில் செக் வரும் என்றால் முழு விலையையும் இப்போது நீங்கள் கட்டி, அந்த 400-ஐ அவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்று எழுதியிருப்பார்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் அத்தனை வாரத்துக்கும் வட்டி உங்களுடையது.

அட்டைப் பெட்டியை எறிவதற்கு முன் யுபிசி பட்டைக் குறியைக் கத்தியால் வெட்டி எடுங்கள். அசல்தான் கேட்பார்கள், நகல் செல்லாது. ஆனால் வெட்டிய பெட்டியைக் கடை திரும்ப எடுக்காது. அதனால் கம்ப்யூட்டரை இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டுங்கள். தபால் முத்திரையின் கடைசித் தேதி மட்டும் தாண்டக் கூடாது. ஃபாரம், ரசீது, பட்டைக் குறி, சந்தாப் பதிவு எண் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு ரிபேட் என்றால் இரண்டும் அசல் பட்டைக் குறியைக் கேட்கும். ஒன்றுதான் இருக்கும். நகலை ஏற்கும் ரிபேட் எது என்று முன்பே கேட்டு, அசலைப் பெரிய தொகைக்கு அனுப்புங்கள்.

ஃபாரத்தில் உள்ள பெயரும் சந்தாப் பதிவின் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் நிராகரிப்பு வரும். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் முன்னா பின்னா என்ற குழப்பம் இதற்கு நல்ல தீனி. கிரெடிட் கார்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

அனுப்பிய தேதியைக் காலண்டரில் குறித்து, பத்தாவது வாரம் கூப்பிட்டுக் கேளுங்கள். வரும் செக் சாதாரண அட்டை மாதிரி, விளம்பரத் தபால் போலவே இருக்கும். பார்க்காமல் குப்பையில் போட்டவர்கள் உண்டு. செக்குக்குக் காலாவதித் தேதியும் உண்டு. தாமதம் என்பது கற்பனைப் பயமும் அல்ல. 400 டாலர் ரிபேட்டை உரிய காலத்தில் கொடுக்கவில்லை என்பது, கம்ப்யூசர்வ் மீது ஃபெடரல் டிரேட் கமிஷன் வைத்து 2003 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

நடுவில் வெளியேறுவது

டெலிபோன் கம்பியிலேயே வரும் வேகமான இணைப்பான டிஎஸ்எல் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது, டயல்-அப்பைத் தொடப்போவதில்லை. தொடர்ந்து கட்டுவதா, அபராதம் கட்டிவிட்டு விலகுவதா? இதுவரை கட்டியதை மறந்துவிடுங்கள், அது போன பணம். மீதி மாதங்களை மட்டும் எண்ணுங்கள்.

விதி ‘400 முழுதும், கூடவே 50 ரத்துக் கட்டணம்’ என்றால் 450-ஐ 21.95-ஆல் வகுங்கள்: 20.5. மீதி 21 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அபராதம் கட்டி வெளியேறுவது மலிவு. 20 மாதமோ குறைவோ என்றால் பேசாமல் சந்தாவைக் கட்டி முடிப்பது மலிவு. விதி ‘விகிதப்படி, கூடவே 50’ என்றால் மீதி மாதம் ஒவ்வொன்றுக்கும் 11.11 திருப்பித் தர வேண்டும், 21.95 மிச்சம். வித்தியாசம் 10.84. 50-ஐ அதால் வகுத்தால் 4.6. மீதி 5 மாதம் இருந்தாலே வெளியேறிவிடலாம். அதே 10.84 இங்கே மறுபடி வருவது தற்செயல் இல்லை: ரிபேட்டைக் கழித்தபின் இணைப்புக்கு மட்டும் நீங்கள் கொடுக்கும் விலை அது.

ரத்து செய்ய வெறும் டெலிபோன் அழைப்பு போதாது. கூப்பிடுங்கள், பேசியவரின் பெயரும் ரத்து எண்ணும் தேதியும் நேரமும் எழுதிக்கொள்ளுங்கள். ‘இன்னும் இரண்டு மாதம் இலவசம், யோசித்துச் சொல்லுங்கள்’ என்பார்கள். ஒப்புக்கொண்டால் ரத்து விழாது. அன்றைக்கே அதே விவரத்தைக் கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வரும் விதமாகச் சர்டிஃபைட் தபாலில் அனுப்புங்கள். பிறகு மூன்று மாதக் கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கவனியுங்கள். பணம் மறுபடி பிடிக்கப்பட்டிருந்தால், தவறு வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் புகார் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அல்ல, பில் புகார்களுக்கென்று ஸ்டேட்மென்ட்டில் தனியாக அச்சிட்ட முகவரிக்கு. அவர்கள் 30 நாளில் பதில் போட்டு, இரண்டு பில் சுற்றுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும்படி கொடுத்தவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் சந்தாவைக் கிரெடிட் கார்டிலேயே வைப்பது நல்லது.

இன்றைய பில்லில் அதே 36

அமெரிக்க செல்போன் கடைகளில் இப்போது பெரும்பாலும் ரிபேட்டை முதல் நாளே கொடுப்பதில்லை. பல நிறுவனங்கள் 36 மாத பில்லில் துண்டு துண்டாகக் கழிக்கின்றன. 800 டாலர் போன் ‘இலவசம்’ என்றால் மாதம் 22.22 தவணையாக ஏறும், அதே 22.22 கழிவாக இறங்கும். பதினான்காம் மாதம் விலகினால் கழிவு நின்றுவிடும், மீதி 22 தவணை, அதாவது 488.84 டாலர், உங்கள் தலையில். ரத்துக் கட்டணம் என்ற பெயரே பில்லில் இருக்காது. எல்லைக்கோடு போடும் முறை மட்டும் மாறவில்லை: அந்தக் கழிவு கிடைக்கும் பிளானின் மாதக் கட்டணத்திலிருந்து 22.22-ஐக் கழியுங்கள். வருகிற எண்ணைவிடக் குறைவான விலையில், உங்களுக்குப் போதுமான பிளான் வேறெங்காவது கிடைத்தால், போனை முழுக் காசு கொடுத்து வாங்குங்கள்.